பொதுப் பூங்காவில் பழைய நாணயம் தேடுவது: அனுமதிக் கடிதம் முதல் நாணய உறை வரை

பழைய நாணயம் தேடுகிறவர்களுக்குப் பொதுப் பூங்காவைப் போல வாய்ப்பான இடம் குறைவு. வயலில் கிடக்கும் காசைக் கலப்பை ஆண்டுதோறும் இழுத்துக் கீறியிருக்கும், உர உப்பு அரித்திருக்கும். பூங்காவின் புல்தரையை யாரும் உழுவதில்லை. 80 ஆண்டுகளுக்கு முன் புல்லில் சாய்ந்து உட்கார்ந்த ஒருவரின் பையிலிருந்து நழுவிய காசு, விழுந்த இடத்துக்கு நேர் கீழேயே இன்னும் இருக்கக்கூடும். தலைமுறை தலைமுறையாக மக்கள் கையில் சில்லறையோடு வந்து, உட்கார்ந்து, விளையாடி, எதையாவது தொலைத்துவிட்டுப் போன நிலம் அது.

உழப்படாத நிலம் என்பதாலேயே அங்கே தோண்டுவதும் எளிதல்ல. புல்தரை ஊருக்குச் சொந்தம். நாளை காலை அதே இடத்தில் ஒரு குழந்தை ஓடும். ஆகவே இந்த வழிகாட்டியில் தோண்டாமல் இருப்பதைப் பற்றி நிறையப் பேசப்போகிறேன். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஒலி எழுப்பும் மெட்டல் டிடெக்டரில் கேட்கும் ஒலிகளில் எவை தோண்டத் தகுந்தவை என்று காதால் பிரிப்பதும், தோண்டிய இடத்தை மறுநாள் தானே வந்து தேடினாலும் கண்டுபிடிக்க முடியாதபடி மூடுவதும்தான் பூங்காவில் தேடுகிறவரின் திறமை என்று நான் நினைக்கிறேன். விலை உயர்ந்த கருவி இந்த இரண்டையும் கற்றுத்தராது.

படி 1: அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

“தடை” என்ற பலகை இல்லாததை அனுமதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. பூங்கா உள்ளாட்சி அமைப்பின் கையில் இருக்கலாம், மாநில அரசின் ஒரு துறையிடம் இருக்கலாம், அறக்கட்டளை ஒன்று பராமரிக்கலாம். முதலில் அதைக் கண்டுபிடித்து, பொறுப்பான அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வாசலில் நிற்கும் காவலாளி “போங்க சார்” என்று சொன்னது பிறகு ஒரு சண்டை வரும்போது உதவாது.

கடிதத்தில் கேட்க வேண்டியவை சில. எந்தப் பகுதிகளில் தேடலாம், எவ்வளவு ஆழம் தோண்டலாம், எந்தக் கருவிகளை வைத்துக்கொள்ளலாம், கிடைப்பது யாருக்குச் சொந்தம், தரைக்கு அடியில் மின்கம்பியும் நீர்க்குழாயும் எங்கே ஓடுகின்றன. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. பதில் கொடுக்கும் அலுவலருக்கு உங்கள்மீது நம்பிக்கை வருவதே அந்தக் கேள்வியால்தான். விளையாட்டுத் திடல்களையும் புதிதாக விதைத்த புல்தரையையும் பூச்செடிப் பாத்திகளையும் நீங்களாகவே விலக்கிக்கொள்வதாக எழுதிவிடுங்கள். அனுமதி கிடைத்ததும் அதன் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும்.

சட்டம் நாட்டுக்கு நாடு பெரிதும் மாறும். இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் ஒப்புதல் இல்லாமல் மெட்டல் டிடெக்டரை இயக்குவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதே நாட்டின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளி நாணயங்கள் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் கருவியைப் பயன்படுத்தும் நிலையில் வைத்திருப்பதற்கே தடை உண்டு. பிரான்சிலும் அயர்லாந்திலும் தொல்பொருள் தேடும் நோக்கத்தோடு கருவியை எடுப்பதற்கு முன்பே அரசின் அனுமதி தேவை. இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 100 ஆண்டுகளைக் கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் பார்வையில் தொல்பொருள். நீங்கள் நிற்கும் நாட்டின் சட்டத்தையும் அந்த ஊரின் விதியையும் படித்த பிறகே மேலே போக வேண்டும்.

படி 2: பூங்காவின் பழைய முகத்தைத் தேடுங்கள்

இன்றைய நடைபாதைகள் பழைய நாணயத்துக்கு வழிகாட்டுவதில்லை. 50, 100 ஆண்டுகளுக்கு முன் மக்கள் எங்கே நடந்தார்கள், எங்கே நின்றார்கள், எங்கே காசை வெளியே எடுத்தார்கள் என்பதே கேள்வி. நூலகத்தில் உள்ள பழைய வரைபடங்கள், நிழற்படங்கள், செய்தித்தாள்களில் வந்த திருவிழா, பொருட்காட்சி, சர்க்கஸ் அறிவிப்புகள் ஆகியவற்றைப் புரட்டுங்கள். பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்த்தால், அகற்றப்பட்ட இசைமேடையும் மறைந்துபோன பக்கவாசலும் வெறும் புல்வெளியின் நடுவில் தென்படும்.

வரைபடம் இல்லாவிட்டால் நிலத்தைப் பாருங்கள். பெருமரங்களின் நிழல் விழும் வட்டம் நல்ல இடம். ஆனால் மரத்தின் வயது முக்கியம், 20 ஆண்டு மரத்தடியில் 20 ஆண்டுக் காசுதான் கிடைக்கும். சிறுவர்கள் உருண்டு விளையாடும் சரிவுகள், நீரூற்றைச் சுற்றிய தரை, பழைய பெஞ்சுகள் இருந்ததற்கான கல் அடித்தளங்கள், கொட்டகையோ சீட்டு விற்கும் அறையோ இருந்த இடம் ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். பழைய பாதை அழிந்துபோனாலும் வறட்சிக் காலத்தில் அதன் மேல் புல் முதலில் பழுக்கும். அந்தக் கோட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாணயம் ஏன் கீழே போகிறது? எடையால் அல்ல. மண்புழுக்கள் அடியிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து மேலே கழிக்கின்றன. இலையும் புல்லும் மக்கி மேல்மண் ஆகின்றன. இதைப் பல்லாண்டு காலம் அளந்து பார்த்து 1881இல் எழுதியவர் சார்லஸ் டார்வின். வளமான புல்வெளியில் இது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் கூட ஆகும், கெட்டியான அடுக்கை எட்டியதும் நின்றுவிடும். அதனால்தான் புல்தரையில் பழைய காசுகள் பெரும்பாலும் 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைக்கின்றன. சரளையும் வேரும் நிறைந்த இடத்தில் அதே வயதுக் காசு 5 சென்டிமீட்டரிலேயே நின்றிருக்கும். ஆழத்தை வைத்து மட்டும் வயதைச் சொல்லாதீர்கள்.

வெளியிலிருந்து மண் கொட்டி மேடாக்கிய பகுதிகள் ஏமாற்றும். முதல் சில குழிகளே உண்மையைச் சொல்லிவிடும்: 20 சென்டிமீட்டர் ஆழத்தில் பிளாஸ்டிக் உறை வந்தால் அந்த மண் நேற்று வந்தது. வேறு பக்கம் போய்விடுங்கள்.

படி 3: கருவியும் கைப்பொருள்களும்

பூங்காவுக்கு ஏற்றது மிகக் குறைந்த அதிர்வெண் வகை மெட்டல் டிடெக்டர். கம்பின் அடிமுனையில் தட்டுப்போல இருக்கும் அதன் சுருளில் மாறுமின்னோட்டம் ஓடி மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலம் ஓர் உலோகத்தைத் தொட்டதும் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அது தன் பங்குக்கு ஒரு சிறு புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. சுருளின் இன்னொரு பகுதி அதைக் கேட்கிறது. திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை வைத்துக் கருவி உலோகத்தை ஊகிக்கிறது. வெள்ளியும் செம்பும் நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால் ஒரு விதம், மெல்லிய அலுமினியத் தாள் இன்னொரு விதம், காந்தத்தன்மை கொண்ட இரும்பு முற்றிலும் வேறு விதம்.

ஒற்றை அதிர்வெண் கருவி என்றால் 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸுக்குள் இருப்பது போதும். தாழ்ந்த அதிர்வெண் பெரிய வெள்ளி, செம்பு நாணயங்களுக்குச் சாதகம். உயர்ந்தது சிறிய, மெல்லிய பொருள்களுக்கு. ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பும் கருவிகள் இரண்டையும் ஓரளவு சமாளிக்கின்றன. புலத்தை விட்டுவிட்டுத் துடிப்புகளாக அனுப்பும் துடிப்பு வகைக் கருவிகள் உப்புக் கடற்கரையிலும் கனிமம் மிகுந்த மண்ணிலும் சிறந்தவை. ஆனால் இரும்பை நன்றாகப் பிரிக்காததால் ஆணி நிறைந்த பூங்காவில் உங்களைக் களைப்படையச் செய்துவிடும்.

சுருளின் விட்டம் 9 முதல் 11 அங்குலம் இருந்தால் பெரும்பகுதி வேலை நடக்கும். பணம் மிஞ்சினால் உயர்ந்த கருவிக்குத் தாவுவதைவிட 5 அல்லது 6 அங்குலச் சிறு சுருள் ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம். குப்பை நெருக்கமாகக் கிடக்கும் இடத்தில் பெரிய சுருள் ஒரே நேரத்தில் நாலைந்து பொருள்களைக் கேட்டுக் குழம்பும்.

ஹெட்போன் கட்டாயம். ஆழத்திலிருந்து வரும் மெல்லிய ஒலி திறந்த ஒலிபெருக்கியில் காதுக்கு எட்டாது. பூங்காவில் இளைப்பாற வந்தவர்களுக்கும் உங்கள் கருவியின் கீச்சொலி தேவையில்லை. குழிக்குள் பொருளைத் துல்லியமாகக் காட்டும் பின்பாயிண்டர் என்ற கையடக்கக் கருவி, கத்திபோல் நீண்டு ஒரு விளிம்பில் ரம்பப்பல் கொண்ட கைத்தோண்டி, மண் கொட்டி வைக்க ஒரு துணி, கெட்டியான கையுறை, தண்ணீர்ப் புட்டி, இரண்டு அறைகள் கொண்ட இடுப்புப் பை ஆகியவை மற்றவை. ஓர் அறை கண்டெடுப்புக்கு, மற்றது குப்பைக்கு. நீண்ட கைப்பிடி மண்வெட்டியைக் கொண்டுபோகாதீர்கள். பார்ப்பவர்களுக்கு அது ஒரு மிரட்டல், புல்தரைக்கும் அப்படியே.

படி 4: தேடத் தொடங்கும் முன் கருவியைச் சரிசெய்வது

முதலில் சொந்த நிலத்தில் பயிலுங்கள். தெரிந்த சில நாணயங்கள், ஒரு கேன் வளையம் (குளிர்பானக் கேனைத் திறக்க இழுப்பது), ஓர் ஆணி, ஒரு புட்டி மூடி ஆகியவற்றை வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, இடத்தைக் குறித்து வைத்து, ஒவ்வொன்றின் ஒலியையும் மனத்தில் பதியவையுங்கள். நாணயத்தைக் காற்றில் சுருளுக்கு முன்னால் ஆட்டிப் பார்த்துக் கிடைக்கும் தூரம் மண்ணில் கிடைக்காது.

பூங்காவுக்கு வந்ததும் கருவியை மூல அமைப்புக்குத் திருப்புங்கள். மின்கம்பிகளும் கைப்பேசியும் குறுக்கீடு செய்யும். கைப்பேசியைச் சுருளிலிருந்து தள்ளி வைத்து, கருவியில் உள்ள இரைச்சல் நீக்கும் வசதியை இயக்குங்கள். அருகில் இன்னொருவர் தேடினால் இருவரும் விலகி நில்லுங்கள், அல்லது அதிர்வெண்ணைச் சற்று மாற்றுங்கள். அடுத்தது மண் சமன். உலோகமே இல்லாத ஓர் இடத்தில் சுருளைத் தரையை நோக்கி மேலும் கீழும் அசைத்து, மண்ணின் கனிம ஒலி அடங்கும்வரை சரிசெய்ய வேண்டும். உணர்திறனைக் கூட்டிக்கொண்டே போய், காரணமில்லாமல் கருவி முணுமுணுக்கத் தொடங்கியதும் ஓரிரு படி இறக்குங்கள். உச்சத்தில் வைத்துவிட்டால் அதிக ஆழம் கிடைக்கும் என்பது தவறான நம்பிக்கை. இரைச்சலுக்குள் நல்ல ஒலி புதைந்துபோகும்.

வேண்டாத உலோகங்களின் ஒலியை அடக்கும் வடிகட்டலை மிகக் குறைவாக வையுங்கள். இரும்பை முழுதாக மௌனமாக்குவதைவிட அதற்குத் தாழ்ந்த உறுமல் ஒன்றை ஒதுக்குவது மேல். இரும்பு எங்கே அடர்ந்திருக்கிறது என்று தெரிவதே ஒரு செய்தி. பழைய கட்டடமோ மேடையோ இருந்த இடம் அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நவீன நாணயங்கள் பலவற்றில் உள்ளே எஃகு இருக்கிறது. 1992 முதல் வந்த பிரிட்டனின் 1, 2 பென்னிகளும் யூரோவின் 1, 2, 5 சென்டுகளும் செம்பு பூசிய எஃகு. இவை இரும்புபோல் ஒலித்து நழுவினாலும் பழைய காசு தேடுகிறவருக்கு நட்டமில்லை.

படி 5: வீச்சு

புதியவர்களிடம் இரண்டு குறைகளைப் பார்க்கலாம். வேகமாக நடப்பார்கள், வீச்சின் இரு முனையிலும் சுருளைத் தூக்குவார்கள். முனையில் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் மண்ணுக்குள் 5 சென்டிமீட்டர் ஆழம் போய்விட்டது என்று பொருள். சுருள் தரைக்கு இணையாக, புல்லை உரசும் உயரத்தில், இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் ஒரே மட்டத்தில் போகட்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடட்டும்.

பூங்கா முழுவதும் அலையாதீர்கள். 10 மீட்டருக்கு 10 மீட்டர் ஒரு கட்டத்தை மனத்தில் வரைந்து, அதை நீளவாக்கில் முடித்து, பிறகு குறுக்குவாக்கில் ஒருமுறை போங்கள். மழைக்கு அடுத்த நாள்கள் இதற்கு உகந்தவை: மண் இளகியிருக்கும், வெட்டிய புல்கட்டி உடையாமல் வரும். கூட்டமில்லாத வார நாள் காலை இன்னும் நல்லது.

படி 6: கேட்பது

எல்லாமே இந்தப் படியில்தான் தீர்மானமாகிறது, அவசரப்பட வேண்டாம்.

திரையில் ஓர் எண் தோன்றும். பல கருவிகளில் அது 0 முதல் 99 வரை. சில தயாரிப்பாளர்கள் வேறு அளவு வைத்திருக்கிறார்கள். அடியில் இரும்பு, அதற்கு மேல் மெல்லிய அலுமினியத் தாள், நடுவில் நிக்கல் கலந்த நாணயங்களும் கேன் வளையங்களும், உச்சியில் செம்பும் வெள்ளியும். எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆழம் கூடக் கூட எண் ஆடும்; பக்கத்தில் இரும்பு இருந்தால் இறங்கும்; நாணயம் செங்குத்தாக நின்றிருந்தால் ஒலி மெலியும்.

நல்ல நாணயத்தின் ஒலிக்கு ஒரு குணம் உண்டு. சிறியதாக, வட்டமாக, ஓரங்கள் தெளிவாக இருக்கும். இடமிருந்து போனாலும் வலமிருந்து வந்தாலும் ஒரே ஒலி. நீங்கள் 90 டிகிரி திரும்பி நின்று குறுக்கே வீசினாலும் அது அதே இடத்தில், ஏறத்தாழ அதே எண்ணோடு கேட்கும். ஒரு பக்கம் மட்டும் கேட்டு மறுபக்கம் உடைந்தால், அல்லது திரும்பி நின்றதும் இடம் மாறினால், பெரும்பாலும் துருப்பிடித்த ஆணி. வளைந்த ஆணி சில சமயம் வெள்ளியைப் போல உயர்ந்த குரலில் பாடும். திரும்பி நின்று கேட்டால் அந்த நாடகம் கலைந்துவிடும்.

புட்டி மூடி இன்னும் தந்திரமானது. எஃகுத் தகடாக இருந்தாலும் தட்டையாக, வட்டமாக இருப்பதால் நாணயத்தின் எண்ணையே காட்டும். சுருளின் நடுவை விட்டு முனையால் மட்டும் அதைத் தடவிப் பாருங்கள். நாணயம் என்றால் ஒலி மெலியுமே தவிரக் குணம் மாறாது. மூடி என்றால் இரும்பின் உறுமல் கலந்து எண் சரியும். பெரிய கேனைக் கண்டுபிடிப்பது எளிது: சுருளை ஒரு முழம் தூக்கிய பிறகும் ஒலி உரக்கக் கேட்டால் அது நாணயம் இல்லை.

இனி கேன் வளையம். 1960களில் வந்த, கேனிலிருந்து முழுதாகப் பிய்ந்துவரும் அந்த அலுமினிய வளையத்தை மக்கள் புல்லில் வீசிவிட்டுப் போனார்கள். 1970களின் நடுவில் கேனோடு ஒட்டியே நிற்கும் வகை வந்த பிறகுதான் அந்தப் பழக்கம் மெல்லக் குறைந்தது. தேடுகிறவர்கள் எல்லோரும் இதைச் சபிக்கிறார்கள். நான் அதை ஒரு காலக்குறியாக மதிக்கிறேன். ஓர் இடத்தில் இந்த வளையங்கள் 8 சென்டிமீட்டரில் வருகின்றன என்றால், அதற்குக் கீழே இருப்பவை அதைவிடப் பழையவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேலே வரும் உரத்த ஒலிகளை விட்டுவிட்டு, அதற்கு அடியிலிருந்து வரும் மெல்லிய ஒலிகளில் கவனம் வைக்கலாம்.

ஒரு கசப்பான உண்மையும் உண்டு. தங்கக் காசும் மோதிரமும் அதே நடு எண்களில், தாளோடும் வளையத்தோடும் சேர்ந்துதான் ஒலிக்கின்றன. அவற்றைத் திரையால் பிரிக்க முடியாது. தங்கம் வேண்டுமென்றால் குப்பையையும் தோண்டித்தான் ஆக வேண்டும். குறுக்குவழி இருப்பதாகச் சொல்கிறவர் உங்களிடம் எதையோ விற்க வந்திருக்கிறார். பூங்காவில் புல்லைக் காக்க வேண்டிய பொறுப்பும் இருப்பதால், பழைய செம்பு, வெள்ளிக் காசுகளின் உயர்ந்த ஒலிகளோடு நிறுத்திக்கொள்வது நியாயமான தேர்வு என்பது என் கருத்து.

கடைசியாக, மறைப்பு. இரும்பின் பக்கத்தில் கிடக்கும் வெள்ளியின் ஒலியை இரும்பு விழுங்கிவிடும். டார்வின் மண்புழுவைப் பற்றி எழுதிய அதே 1881இல், சுடப்பட்ட அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இன்றைய கருவிகளின் முன்னோடி ஒன்றைக் கொண்டுவந்தார். படுக்கையில் இருந்த எஃகு ஸ்பிரிங்குகள் கருவியைக் குழப்பின. போதாக்குறைக்கு, குண்டு வலப்பக்கம் இருப்பதாக நம்பிய மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். குண்டு இருந்தது இடப்பக்கம். பூங்காவில் ஆணிகள் அடர்ந்த இடத்தைக் கடந்து போகும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். சிறு சுருளை மாட்டி, வீச்சைக் குறுக்கி, ஒரே இடத்தைப் பல கோணங்களிலிருந்து கேளுங்கள். இரண்டு உறுமல்களுக்கு நடுவில் ஒரு நொடி உயர்ந்த ஒலி எட்டிப் பார்த்தால் அங்கே நில்லுங்கள்.

படி 7: இடத்தைக் குறிப்பது

குழி எவ்வளவு சிறியதாக இருக்கும் என்பது இந்தப் படியைப் பொறுத்தது. ஒலி உச்சமாகக் கேட்கும் புள்ளியை ஒரு திசையில் குறியுங்கள். 90 டிகிரி திரும்பி மறுபடி குறியுங்கள். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் பொருள் இருக்கிறது. இதற்கென்று பொத்தான் உள்ள கருவிகளில் அதை அழுத்தி, சுருளை மெல்ல நகர்த்தினால் போதும். D வடிவில் இரண்டு சுருள்கள் சேர்ந்து, கீழ்நோக்கிக் கத்தி விளிம்புபோல் தேடும் இரட்டை டி சுருளில் இன்னொரு உத்தி உண்டு: சுருளைச் சிறிதாக ஆட்டிக்கொண்டே உங்கள் பக்கம் இழுங்கள்; ஒலி அறுந்துபோகும் கணத்தில் பொருள் சுருளின் முன்முனைக்குச் சற்று முன்னால் இருக்கும்.

தோண்டும் முன் ஒன்றைச் சோதியுங்கள். ஒலி ஒரு கோடாக நீண்டு ஓடுகிறதா? அப்படியானால் அது குழாயோ கம்பியோ. விட்டுவிடுங்கள். நீர்தெளிப்பான்களின் தலைகளுக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் இடைப்பட்ட நேர்கோடுகளில் தோண்டவே வேண்டாம்.

படி 8: வெட்டுவதும் மூடுவதும்

மேலாகவே, 4, 5 சென்டிமீட்டருக்குள் இருக்கும் காசுக்குக் குழி தேவையில்லை. பின்பாயிண்டரால் இடத்தைக் கண்டு, மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் புல்லை ஒரு கீறல் அளவுக்கு விரித்து, காசை நெம்பி எடுத்து, விரலால் அழுத்திவிட்டால் தடமே இருக்காது.

அதற்கும் கீழே என்றால் புல்கட்டி வெட்ட வேண்டும். புள்ளியை நடுவில் வைத்து, 12 முதல் 15 சென்டிமீட்டர் அகலத்தில், மூன்று பக்கம் மட்டும் வெட்டுங்கள். நான்காவது பக்கம் வெட்டுப்படாமல் நிற்கட்டும். கத்தி நேர்க்குத்தாக இறங்க வேண்டும். சாய்த்து வெட்டினால் கட்டி கூம்பாகி, காய்ந்ததும் சுருங்கித் தூக்கிக்கொள்ளும். வேர் பிடித்திருக்கும் ஆழம்வரை, அதாவது குறைந்தது 8, 10 சென்டிமீட்டர் வரை, வெட்டுங்கள். பிறகு அடியில் கைத்தோண்டியைக் கொடுத்து, புத்தக அட்டையைத் திறப்பதுபோல வெட்டுப்படாத பக்கமாகக் கட்டியை மடக்குங்கள். ஒரு பக்கத்து வேர் அறுபடாததால் புல் பிழைக்கும். புல்வெட்டும் இயந்திரம் வந்தாலும் கட்டியைப் பிடுங்கிக்கொண்டு போகாது.

முதலில் கட்டியின் அடிப்பாகத்தைப் பின்பாயிண்டரால் தடவுங்கள், காசு அங்கேயே ஒட்டியிருக்கலாம். பிறகு குழியின் சுவர்கள், பிறகு அடி. எடுக்கும் மண் ஒவ்வொரு பிடியும் துணியின் மேல் போகட்டும், புல்லின் மேல் வேண்டாம். கத்தியால் குத்தித் தேடாதீர்கள். 100 ஆண்டு கீறல்படாத முகத்தில் உங்கள் கத்தியின் தடம் விழும். கட்டைவிரலை விடத் தடித்த வேர் குறுக்கிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். மரத்துக்கு அந்த வேர் தேவை.

காசு வந்த பிறகு, சுருளால் குழியின் மேல் இன்னொரு முறை வீசுங்கள். ஒரே பையிலிருந்து இரண்டு மூன்று காசுகள் சேர்ந்து விழுவது சாதாரணம்.

இப்போது மூடுவது. துணியின் நான்கு முனையையும் பிடித்து மண்ணைக் குழிக்குள் சரியுங்கள்; அடியில் இருந்தது அடிக்கே போகும்படி பார்த்து, கையால் அழுத்தி நிரப்புங்கள். புட்டித் தண்ணீரில் சிறிது ஊற்றுங்கள். கட்டியை மடக்கி மூடி, விளிம்புகளை விரலால் சேர்த்து, காலால் மெல்ல மிதித்து, படுத்துக் கிடக்கும் புல்லிதழ்களைக் கோதிவிடுங்கள். மூன்று அடி தள்ளி நின்று பாருங்கள். வெட்டு தெரிந்தால் வேலை முடியவில்லை. எடுத்த குப்பை எதையும் குழிக்குள் திருப்பிப் போடாதீர்கள். கண்ணாடிச் சில்லும் ஊசியும் மண்ணில் இருக்கும் என்பதால் வெறுங்கையால் துழாவவும் கூடாது.

கோடையில் தரை வெடித்து, புல் பழுப்பேறியிருக்கும்போது இவ்வளவு கவனமாக வெட்டினாலும் கட்டி செத்துவிடும். மஞ்சள் வட்டங்கள் உங்கள் கையெழுத்தாகப் பல வாரம் நிற்கும். அந்த மாதங்களில் மேலோட்டமான காசுகளோடு நின்றுகொள்ளுங்கள். பல பூங்காக்களில் தடை வந்ததற்குக் காரணம் திருட்டு அல்ல, மூடாத குழி.

படி 9: கையை எடுக்க வேண்டிய இடங்கள்

ஒரே குழியில் பழங்காசுகள் பல, அல்லது காசோடு பானை ஓடு, எலும்பு, கட்டுமானக் கல் என்று வந்தால் தோண்டுவதை நிறுத்துங்கள். அது தொலைந்த சில்லறையாக இராது. யாரோ புதைத்து வைத்தது. எந்தப் பொருள் எதன் மேல், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி காசைவிடத் தொல்லியலாளருக்கு மதிப்பானது. ஒருமுறை கலைத்தால் திரும்ப வராது. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மூடி வைத்து, உரிய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

போர்க்காலங்களில் படைகள் முகாமிட்ட பூங்காக்கள் பல நாடுகளில் உண்டு. துருப்பிடித்த உருளையோ இறகு வைத்த இரும்போ தெரிந்தால் அது வெடிக்காத குண்டாக இருக்கலாம்; தொடாதீர்கள், துடைத்துப் பார்க்காதீர்கள். வந்த வழியே விலகி, மற்றவர்களையும் விலக்கி, காவல்துறையை அழையுங்கள்.

படி 10: வீட்டில்

தோண்டிய இடத்தில் காசைக் கட்டைவிரலால் தேய்த்து ஆண்டைப் படிக்கத் துடிப்பது இயல்பு. அதைச் செய்யாதீர்கள். ஒட்டியிருக்கும் மணல் துகள் உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். மண்ணோடு சேர்த்து மென்மையான தாளில் சுற்றி, தனித்தனியாகக் கொண்டுவாருங்கள்.

வெள்ளி மண்ணிலிருந்து பெரும்பாலும் பளிச்சென்றே வரும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, கழுவி, துணியால் ஒற்றி உலர்த்தினால் போதும். செம்பும் வெண்கலமும் வேறு கதை. அவற்றின் மேல் படர்ந்த பச்சையோ பழுப்போ படலம் எழுத்துகளைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதை உரித்தால் எழுத்தும் போய்விடும். வினிகர், எலுமிச்சைச்சாறு, பித்தளைப் பாலிஷ், கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம். மண் இறுகியிருந்தால் காய்ச்சி வடித்த நீரைப் பலமுறை மாற்றி ஊறவைத்து, மூங்கில் குச்சி முனையால் உருப்பெருக்கியின் அடியில் சிறிது சிறிதாக விலக்கலாம். பளபளப்பாக்கிய பழங்காசைச் சேகரிப்பாளர்கள் சேதமானதாகவே எண்ணுவார்கள். அரிதான ஒன்று என்ற சந்தேகம் வந்தால் கழுவவும் வேண்டாம், அருங்காட்சியகப் பாதுகாவலரிடம் காட்டுங்கள்.

அடையாளம் காண எடை, விட்டம், விளிம்பு, காந்தம் என்ற நான்கே போதும். 0.01 கிராம் வரை காட்டும் தராசும் ஒரு வெர்னியர் அளவியும் வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த எழுத்தை நேரே பார்த்தால் தெரியாது. இருட்டறையில் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடித்து, காசை மெல்லச் சுழற்றுங்கள். உலோகமே காலம் சொல்வதும் உண்டு. பிரிட்டனின் வெள்ளிக் காசுகள் 1919 வரை 92.5 சதவீதம் வெள்ளி, 1920 முதல் 1946 வரை 50 சதவீதம், 1947 முதல் வெள்ளியே இல்லை. அமெரிக்காவின் பத்து, இருபத்தைந்து சென்டுகளில் 1964 வரை 90 சதவீதம் வெள்ளி இருந்தது. ஆண்டு தேய்ந்துபோன காசையும் இப்படி ஒரு காலத்துக்குள் அடைத்துவிடலாம்.

சேமிக்கும் உறையில் கவனம் வேண்டும். மலிவான மென் பிவிசி உறைகள் காலப்போக்கில் கசிந்து காசின் மேல் பச்சைப் பிசினைப் படியவிடும். பாலியெஸ்டர் உறையோ அமிலமற்ற காகிதமோ நல்லது. வெண்கலக் காசில் வெளிர்பச்சைத் தூள் பூத்தால் அது குளோரைடு அரிப்பு. ஈரம் பட்டால் வளரும். அந்தக் காசைப் பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு உலர்ந்த பெட்டியில் வையுங்கள்.

ஒவ்வொரு காசுக்கும் தேதி, ஆழம், வரைபடத்தில் இடம், பக்கத்தில் கிடைத்தவை, கருவி காட்டிய எண் ஆகியவற்றை எழுதுங்கள். அறிவிக்க வேண்டியது இருந்தால் இந்தக் குறிப்பே சான்று.

மீண்டும் அதே புல்தரைக்கு

“அந்தப் பூங்கா முடிந்துவிட்டது, இனி ஒன்றும் இல்லை” என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. முதல் சுற்றில் நீங்கள் எடுத்த குப்பை மறைத்துக்கொண்டிருந்தவை இரண்டாவது சுற்றில்தான் பேசும். குறிப்புகளை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். பழங்காசுகள் ஒரு வளைவிலோ கோட்டிலோ விழுந்தால் அதுவே தொலைந்துபோன பழைய பாதை. அதன் இரு ஓரமும் சிறு சுருளோடு, முன்பு நடந்ததற்குக் குறுக்கான திசையில், முன்பைவிட மெதுவாக, நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்துப் போங்கள். புறப்படும் முன் அனுமதிக் கடிதத்தின் காலக்கெடு முடியவில்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.